சோஃபிக்கு யார் கஞ்சி வைத்தது?

புது வார்டன்களான உங்கள் மூன்று பேருக்கும் கொடுத்திருக்கும் விடுதிக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். நல்ல வழவழப்பான தாள். தீப்பிடித்தால் என்ன செய்வது, பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, பெற்றோர் வந்து சத்தம் போட்டால் எந்த அறையில் உட்கார வைப்பது, எல்லாம் வரிசையாக இருக்கிறது. கஞ்சியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. யார் எழுதியது என்று கேட்டேன். பெங்களூரில் ஒரு நிறுவனம் என்றார்கள். சரிதான், பெங்களூர்க்காரருக்கு நம்முடைய சமையல்கட்டைப் பற்றி என்ன தெரியும்?

விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நானாக வைத்துக்கொண்டேன். அதைச் சொல்வதற்கு நான் அவமானப்பட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். பார்த்தீர்களா, அவமானம் என்றதும் மூன்று பேரும் போனைக் கீழே வைத்துவிட்டீர்கள். வார்டன் வேலைக்குத் தேவையான முதல் தகுதி உங்களிடம் இருக்கிறது.

இந்தக் கட்டிடம் முதலில் குருமடமாக இருந்தது உங்களுக்குத் தெரியும். சாமியார் ஆவதற்குப் படிக்க வந்தவர்கள் தங்கியிருந்த இடம். அவர்கள் பெரிய ஊருக்குப் போனபின் பள்ளி வந்தது. இன்றைக்கும் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று சொல்லுங்கள், ஆட்டோக்காரர் முழிப்பார். சாமியார் மடம் என்று சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் கொண்டுவந்து விடுவார்.

நான் சேர்ந்தபோது அந்த 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லை முழுசாக நம்பினேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவார்கள் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷ் பேசிப் பழகினேன். முதல் நாள் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்த பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டது, "மிஸ், இங்கன தண்ணி எங்க இருக்கு?" அப்பா சிவகிரிக்காரர், மலேசியாவில் கடை. பிள்ளை வீட்டில் பேசின தமிழை அப்படியே கொண்டுவந்திருந்தது. நான் பழகின இங்கிலீஷ் அப்படியே கிடந்தது. நம் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், அங்கே பிறந்து இங்கே வளர வந்தவர்கள்.

அப்போது பள்ளியின் விளம்பரப் புத்தக அட்டையில் ஒரு பெண் இருப்பாள். பொன்னிற முடி, பூனைக் கண், கையில் புத்தகம், வாய் நிறையச் சிரிப்பு. அந்த மாதிரி ஒரு பிள்ளை எங்கள் பள்ளியில் ஒருநாளும் படித்ததில்லை. எங்கேயோ எடுத்த படம். படத்துக்குச் சிரித்த அன்றைக்கு அவளுக்குச் சங்கரன்கோவில் என்ற பெயரே தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவாள்.

இப்போது சாப்பாட்டுக் கூடமாக இருப்பதுதான் குருமடத்துக்காரர்களுடைய கோவில். போகும்போது பீடம், சுரூபம் என்கிற புனிதர் சிலைகள் எல்லாவற்றையும் முறையாக எடுத்துக்கொண்டு போனார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்று மட்டும் நின்றுவிட்டது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற மரக்கூண்டு. சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் பெயர்க்க முடியவில்லை. நடுவில் சாமியார் உட்கார ஒரு தடுப்பு, இரண்டு பக்கமும் பாவம் சொல்கிறவர் முழங்கால்போட ஆளுக்கொரு தடுப்பு, இடையில் ஓட்டை போட்ட பலகை. முழுக்கத் தேக்கு. கதவைச் சாத்தினால் உள்ளே பேசுவது தள்ளி நிற்கிறவருக்குக் கேட்காது.

எங்கள் நிர்வாகம் அதைச் சும்மா விடுமா? இடது பக்கத் தடுப்பில் ஒரு போனை மாட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மொபைல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை பெற்றோர் அந்த போனுக்குக் கூப்பிடலாம். ஆளுக்கு ஏழு நிமிஷம். நேரம் பார்க்க வேண்டியது நான். சமையல்கட்டில் முட்டை அவிக்க வைத்திருந்த டைமரை வாங்கிக்கொண்டு, நடுவில் சாமியார் இடத்தில் ஒரு தலையணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

வெளியே நாற்காலி போட்டும் நேரம் பார்க்கலாம். அங்கே வெக்கை அதிகம் என்று நிர்வாகத்திடம் சொல்லியிருந்தேன். உங்களிடம் எதற்குப் பொய், கதை கேட்கத்தான் உட்கார்ந்தேன். எந்த வீட்டில் மாமியாரோடு சண்டை, எந்த வீட்டில் இரண்டாவது கார் வாங்கினார்கள், எல்லாம் ஓட்டைப் பலகை வழியாக வந்து விழும்.

அதை ஒருவர்தான் ஆட்சேபித்தார், சமையல்கட்டுப் பொறுப்பில் இருந்தவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வீட்டு வாசலில் வந்து, 'என்னப் பத்தி என்ன சொன்னீய' என்று நிற்பார். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். குருமடத்தில் வெங்காயம் உரிக்க வந்தவர். சாமியார்கள் போனார்கள், இவர் போகவில்லை. கட்டிடத்தோடு சேர்த்து இவரையும் பள்ளி வாங்கிவிட்டது என்று நான் சொல்லுவேன். என் வயதுதான் அவருக்கும், அதனால் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்லை. நான் டீச்சர் இல்லை என்று பல தடவை சொல்லியும் அவருக்கு நான் டீச்சர்தான்.

"டீச்சர், அது சாமி உக்காந்த எடம்லா," என்றார்.

"சாமி போயாச்சு அண்ணாச்சி. இப்ப நான் உக்காந்திருக்கேன்."

"அதத்தான் சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதம் நஸ்ரின் வந்தாள். ஆறாம் வகுப்பு. கடையநல்லூர்க் குடும்பம், பெற்றோர் மஸ்கட்டில். வாப்பாவுக்கு ஒரு கடையில் வேலை, உம்மா நர்ஸ். உம்மாவின் வேலை நேரம் மாறி மாறி வரும், வீட்டில் பிள்ளையைத் தனியாக விட முடியாது என்று இங்கே கொண்டுவந்தார்கள். சேர்த்துவிட்டு உம்மா கிளம்ப மனமில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், இவ லேசில யார்கூடயும் சேர மாட்டா. ஒரே ஒரு சிநேகிதி கிடச்சிட்டா போதும், நான் நிம்மதியா இருப்பேன். இல்லன்னா சொல்லுங்க, வேலைய விட்டுட்டு வந்திருதேன். படிச்சு வாங்குன வேலைதான், பரவால்ல. பிள்ளையவிட வேல பெருசில்ல."

பக்கத்தில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்த விளம்பரப் புத்தகம். உம்மா சொன்ன அத்தனையும் அவள் காதில் விழுந்தது. பெரியவர்கள் நாம் பிள்ளைகளின் தலைக்கு மேலே பேசிக்கொள்கிறோம், அவர்களுக்குக் காது தலையில்தான் இருக்கிறது என்பது நமக்கு மறந்துபோகிறது.

அறைக்கு இரண்டு பேர் என்று கணக்கு. நஸ்ரின் அறையில் வரவேண்டிய மற்றப் பிள்ளை வராததால் ஒரு கட்டில் காலி. வேறு பிள்ளை வந்தால் போடலாம் என்று விட்டுவைத்தேன்.

முதல் ஞாயிறு போனில் நஸ்ரின் சொன்னாள், "உம்மா, எனக்கு சோஃபின்னு ஒரு ஃபிரண்டு கிடச்சிட்டா. பக்கத்துக் கட்டில்தான்." அந்தப் பக்கம் உம்மா அழுவது எனக்கே கேட்டது, சந்தோஷ அழுகை. நான் டைமரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோஃபி யார் என்று யோசிக்கக்கூட இல்லை. எண்பத்துநாலு பெண்பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பட்டப்பெயர், யாரோ ஒருத்தியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு சோஃபி பாட்டுப் பாடினாள், நஸ்ரினுக்குத் தலை பின்னிவிட்டாள். நல்ல பிள்ளை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வாரம் ராயகிரியில் என் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஐந்து நாள் விடுப்பில் போனேன். திரும்பி வந்த ஞாயிறு, நஸ்ரின் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"உம்மா, சோஃபிக்குக் காய்ச்சல். நாலு நாளா எந்திரிக்கல. நான்தான் கஞ்சி குடுக்கேன். யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்கா. மிஸ்ஸுக்குக் கூடத் தெரியாது."

என் விடுதியில், எனக்குத் தெரியாமல், நாலு நாளாக ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கக் கூடாது. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. வார்டனுக்குச் சொல்லாமல் வாரக்கடைசியில் பிள்ளையைச் சேர்த்து, பெட்டியோடு விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சீட்டு திங்கட்கிழமை வரும். நான் விடுப்பில் போன சமயம் பார்த்து அந்தக் காலிக் கட்டிலில் ஒரு பிள்ளையைப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பெயர் சோஃபி. அப்படியானால் நிஜமாகவே வெளிநாட்டுப் பிள்ளை. வெளிநாட்டுப் பிள்ளை வந்து தங்கினால் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அதுவும் கொடுக்கவில்லை. முந்தின ஞாயிறே அதே சோஃபி பாட்டுப் பாடித் தலை பின்னினாளே, அப்போது நான் விடுப்பில் இல்லையே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயம் வந்தால் முதலில் கணக்கு மறந்துவிடும்.

நஸ்ரின் பேசி முடிப்பதற்குள் அறைக்கு ஓடினேன். காலிக் கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி, நாலாக மடித்த ஒரு ஈரத்துணி. ஆளைக் காணோம். குளியலறையில் இல்லை, மொட்டைமாடியில் இல்லை. நிர்வாகிக்குப் போன் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவர் எடுக்க மாட்டார். காய்ச்சலோடு பிள்ளை எங்கேயோ போய்விட்டது. வளாகத்தில் பெரிய கிணறு வேறு இருக்கிறது.

மணிக்கூண்டுக்கு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

குருமடக் காலத்தில் அந்த மணிக்கு வகைகள் உண்டாம். ஜெபத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, யாராவது இறந்துபோனால் ஒன்று. நான் அடித்தது எந்த வகையிலும் சேராது. பிள்ளைகள் சோப்பு நுரையோடும் பாதி பின்னிய சடையோடும் முற்றத்துக்கு ஓடிவந்தார்கள். வரிசையாக நிற்கவைத்துத் தலை எண்ணினேன். எண்பத்துநாலு. பதிவேட்டிலும் எண்பத்துநாலு. மறுபடி எண்ணினேன், அதேதான். பதிவேட்டில் இல்லாத பிள்ளையைத் தேடுகிறவள், பதிவேட்டை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். என் புத்திசாலித்தனம் அந்த அளவில் இருந்தது.

நஸ்ரின் முதல் வரிசையில் நின்றாள். நான் யாரைத் தேடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் பாவாடையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் அதையும் தப்பாகத்தான் புரிந்துகொண்டேன், பிள்ளையை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள் என்று.

"நஸ்ரின், முன்னால வா," என்றேன். "எல்லாருக்கும் கேக்கும்படி சொல்லு."

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்போதுதான் சமையல்கட்டுப் பக்கமிருந்து அண்ணாச்சி கையில் கரண்டியோடு வந்து சேர்ந்தார்.

"யாரு டீச்சர் செத்தா?"

அவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். சோஃபி, காய்ச்சல், நாலு நாள், கஞ்சி. அவர் நான் சொன்னதில் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"கஞ்சியா? யாரு வச்ச கஞ்சி?"

"நஸ்ரின் குடுத்திருக்கா."

"டீச்சர், இந்த நாலு நாளா என் அடுப்புல கஞ்சியே ஏறல. ஒரு பிள்ளையும் வந்து கேக்கல. எனக்குத் தெரியாம இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு கை அரிசி வெந்திருமா?"

அவர் திரும்பி நஸ்ரினைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "அப்படி ஒரு பிள்ளையே இல்ல டீச்சர். இது பொழைக்கதுக்கு உண்டாக்குன பிள்ள," என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. விளம்பரப் புத்தக அட்டையில் சிரிக்கிற அந்தப் பெண், 'ஒரே ஒரு சிநேகிதி' என்று உம்மா சொன்னது, டம்ளர், கரண்டி, ஈரத்துணி. பார்க்க ஒருவரும் வராத அறையில் இல்லாத பிள்ளைக்கு அவள் பக்குவம் பார்த்திருக்கிறாள். எண்பத்துமூன்று பிள்ளைகளுக்கு முன்னால் அதை அவள் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன் நான். அந்த நிமிஷம் எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை.

சரி, இப்போது என்ன செய்வது? மணி அடித்தாயிற்று, பிள்ளை வரிசையை விட்டு வெளியே வந்தாயிற்று, எல்லாருடைய கண்ணும் அவள்மேல். அண்ணாச்சிதான் கரண்டியை உயர்த்திச் சத்தமாகச் சொன்னார்.

"ஸ்டோர் ரூம் சாவியக் காணலயாம் மக்கா. அதுக்குத்தான் டீச்சர் மணி அடிச்சிருக்காவ. முதல்ல நிக்க பிள்ள, நீ பாத்தியா? பாக்கலயா? சரி, எல்லாரும் போய்த் தேடுங்க. எடுத்துக் குடுக்க பிள்ளைக்கு ஒரு கை முந்திரிப் பருப்பு."

பிள்ளைகள் கூவிக்கொண்டு கலைந்தார்கள். சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை இழுத்து மூடினேன். மூடுவதற்குள் நஸ்ரின் பார்த்துவிட்டாள். மற்றவர்களோடு போய்த் தேடினாள், இல்லாத சாவியை.

ஒரு சாவிக்குத் துக்க மணி அடித்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. 'சாவி மிஸ்' என்றால் ஊருக்கே தெரியும். ஓய்வு பெற்ற அன்றைக்குப் பழைய பிள்ளைகள் சேர்ந்து முழ நீளத்துக்குப் பித்தளைச் சாவி ஒன்று செய்து கொடுத்தார்கள். எந்தப் பூட்டுக்கும் சேராது. வீட்டில் வைத்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்தபின் சமையல்கட்டில் எங்கள் சண்டை தொடங்கியது. அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே பேசினார்.

"அந்தத் தொட்டியில கேட்டது அங்கனயே கிடக்கணும் டீச்சர். சாமிமாரு உயிரே போனாலும் வெளிய கொண்டுவர மாட்டாவ."

"நான் சாமியார் இல்ல, வார்டன். நெசமாவே ஒரு பிள்ளை காய்ச்சல்ல கிடந்திருந்தா? தொட்டியில கேட்டதுன்னு வாய மூடிட்டு இருக்கவா?"

கத்தியை நிறுத்தி யோசித்தார். நியாயமான மனிதர்.

"அது சரிதான். நெசமா இருந்தா மணி அடிக்கத்தான் செய்யணும். ஆனா மணிக்கூண்டுக்குப் போற வழியிலதான சமையல்கட்டு இருக்கு? 'அண்ணாச்சி, கஞ்சி வச்சீயளா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன கொறஞ்சா போவீய?"

கையேட்டில் இல்லாத வரி இதுதான். உயிருக்கு ஆபத்து என்று காதில் விழுந்தால் ஓடுங்கள், ரகசியம் கிகசியம் ஒன்றும் பார்க்க வேண்டாம். ஆனால் ஓடுகிற வழியில் சமையல்கட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது ரெண்டு தட்டு வாங்குகிறது, எது தனியாக உட்காருகிறது, எல்லாம் அங்கே தெரியும். பதிவேடு நம்மிடம் இருக்கிறது, பிள்ளைகள் அவர்களிடம் இருக்கிறார்கள்.

"இப்ப அவ உம்மாவுக்குச் சொல்லணும்லா?" என்று கேட்டேன்.

"சொன்னா?"

"வேலைய விட்டுட்டு வந்துருவாங்க."

"அதுக்குப் பயந்துதான் அந்தப் பிள்ள இம்புட்டும் செஞ்சிருக்கு. நீங்க பொய்யும் சொல்லாதீய, காட்டியும் குடுக்காதீய. அது வாயாலயே வரட்டும். அதுவரைக்கும் பிள்ளையப் பாத்துக்கிடுங்க. அதுக்குத்தான நம்மளுக்குச் சோறு போடுதாவ."

மறுநாளே என் நாற்காலியை வெளியே, வெக்கையில் போட்டுக்கொண்டேன். தினம் இரண்டு தடவை நஸ்ரின் அறைக்குப் போனேன். அவளுக்கு ஒரு சிநேகிதி பிடித்துக் கொடுக்கவும் பார்த்தேன். வாய் ஓயாத ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தேன், இரண்டே நாளில் அது என்னிடம் வந்து, "மிஸ், அவ பேசவே மாட்டேங்கா, எனக்கு வாய் வலிக்கு," என்று இடம் மாற்றிக்கொண்டு போய்விட்டது. சிநேகிதம் நாம் போடுகிற அட்டவணையில் வராது. இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடித்தபசுத் திருவிழா வாரம். கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் நஸ்ரினின் உம்மா வந்து நின்றார். ஒரு வார லீவில் வந்தாராம். கையில் ஒரு பெரிய பை. நஸ்ரினைக் கூப்பிட்டு விட்டேன். பார்வையாளர் அறையில் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாக்லேட் டப்பா இரண்டு. சுடிதார் இரண்டு, ஒரே துணி, ஒரே அளவு. முத்து வைத்த ஹேர் க்ளிப் இரண்டு ஜோடி.

"எங்க மிஸ் சோஃபி? காய்ச்சல் சுகமாயிருச்சுன்னு சொன்னா. பிள்ளையப் பாக்கணும். எம்புள்ளைக்கு என்னயவிட அவதான் இப்ப பெருசு."

எத்தனை நாள் நான் இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்திருக்கிறேன் தெரியுமா? சோஃபி ஊருக்குப் போயிருக்கிறாள். சோஃபி வேறு பள்ளிக்கு மாறிவிட்டாள். சோஃபிக்கு இன்றைக்கு ஊசி போட்டிருக்கிறது, தூங்குகிறாள். மூன்று பொய்யும் நாக்கு நுனியில் நின்றன. ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்தச் சனிக்கிழமை தப்பித்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பொய்க்கு இரண்டு பேர் சோறு போட வேண்டும், அவளும் நானும். இல்லை என்று உண்மையைச் சொன்னாலோ, முற்றத்தில் செய்யத் தவறிய கொடுமையை அறைக்குள் செய்து முடித்தவளாவேன்.

நஸ்ரினைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத நஸ்ரின்கிட்டயே கேளுங்கம்மா," என்றேன். "அவளப் பாத்துக்கிட்டதெல்லாம் இவதான். நல்லாப் பாத்துக்கிட்டா."

நஸ்ரினின் கண் சாவியிலிருந்து என் முகத்துக்கு ஏறியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நான் உம்மாவுக்கு ஒரு போன் பண்ணணும்."

"உம்மாதான் இங்கயே இருக்காங்கல்ல."

"இல்ல மிஸ். போன்லதான் சொல்ல முடியும்."

உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் போன் கிடையாது என்பது நானே போட்ட சட்டம். அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "வாங்கம்மா," என்று இருவரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தொட்டியின் இடது தடுப்பில் நஸ்ரின் போய் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். நடுத் தடுப்பில், நான் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தில், அவள் உம்மாவை மொபைலோடு உட்கார வைத்தேன். என் தலையணை இன்னும் அங்கேயே கிடந்தது. இரண்டு கதவையும் சாத்தினேன். மொபைல் மணி ஒரு தடவை அடித்தது, "ஹலோ" என்று உம்மா சொன்னது கேட்டது. அதற்குமேல் கேட்கக் கூடாது என்று வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டிக் கிணற்றடி வரை போய் நின்றுகொண்டேன்.

என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. என் வேலைக்காலத்தில் நான் பெருமையோடு தெரிந்துகொள்ளாமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன பேசுதாவ டீச்சர்?"

"தெரியாது."

"கதவு ஓரமா நின்னா லேசாக் கேக்கும்லா?"

"கேக்கும். நீங்க வேணா போய் நில்லுங்க."

"பரவால்ல, தேறிட்டீய," என்று சொல்லிவிட்டு அவரும் என் பக்கத்தில் நின்றார்.

பழக்க தோஷத்தில் டைமரை வைத்திருந்தேன். ஏழு நிமிஷத்தில் அடித்தது. அமர்த்திவிட்டு மறுபடி வைத்தேன். அதுவும் அடித்தது. மூன்றாவது தடவை அண்ணாச்சி அதை என் கையிலிருந்து வாங்கி, "முட்ட அவிக்கணும்," என்று தன் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு முட்டை கிடையாது.

வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள். உம்மாவின் கண் வீங்கியிருந்தது. நஸ்ரின் வாய் நிறையச் சாக்லேட். உம்மா என் கையைப் பிடித்தார், சேர்க்க வந்த அன்றைக்குப் பிடித்த மாதிரியே.

"வேலைய விட மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா மிஸ். நானும் ஒண்ணு வாங்கியிருக்கேன். அழுகணும்னா இனிமே என்கிட்டதான் அழுகணும்னு. வாராவாரம் ஏழு நிமிஷம் இருக்குல்லா, அழுதா அழுதுட்டுப் போகுது. நான் தாங்கிக்கிடுவேன்."

இன்னொரு சுடிதாரையும் இன்னொரு ஜோடி க்ளிப்பையும் அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. "இவளுக்குத் தோணுறப்ப யாருக்காவது குடுக்கட்டும்," என்று விட்டுப் போனார். அந்தக் க்ளிப் அலமாரியில் ரொம்ப நாள் கிடந்தது. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் குளியலறை வாளிக்காக ராயகிரிப் பிள்ளை ஒருத்தியோடு நஸ்ரின் முடியைப் பிடித்துச் சண்டை போட்டாள். நான் விலக்கிவிடப் போனபோது இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். மறுவாரம் அந்த ராயகிரிப் பிள்ளை தலையில் முத்து க்ளிப் இருந்தது. நானும் அண்ணாச்சியும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

அந்தச் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறேன். உம்மாவை ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தோம். சாயங்காலச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டது, அண்ணாச்சி கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். நஸ்ரின் என்னோடு நடந்து வந்தாள். வாசலுக்கு வந்ததும் நின்று, என் இடுப்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"மிஸ், அன்னைக்குத் தொலஞ்ச சாவி கிடச்சிருச்சா?"

"கிடச்சிருச்சு," என்றேன். "போய்ச் சாப்பிடு."

"அப்ப எனக்கு முந்திரிப் பருப்பு," என்று அண்ணாச்சி முன்னால் கையை நீட்டினாள். அவர் உள்ளே போய், ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்.